உப்பில்லாமல் வாழ்ந்த லேமினேஷன்

திருவண்ணாமலையில் பட்டினி கிடக்கத் தனித் திறமை வேண்டும். தெருவில் சும்மா நின்றாலே போதும், யாராவது சர்க்கரைப் பொங்கல் தொன்னையைக் கையில் திணித்துவிடுவார்கள். வேண்டாம் என்றால் பணிவு என்று நினைத்து இரண்டாவது தொன்னையும் தருவார்கள். இப்படிப்பட்ட ஊரில், யார் கொடுத்ததையும் தொடாமல், சொந்த நிலத்தில் விளைந்ததை மட்டுமே சாப்பிட்டு வாழ்ந்து காட்டுகிறேன் என்று ஒருவர் கிளம்பினார். தாலுகா ஆபீசில் ஒரு ஆயுளைக் கழித்தவன் நான். பிடிவாதக்காரர்களை வரிசையில் நிற்க வைத்துப் பார்த்தவன். அவருக்கு இணையாக ஒருவரைப் பார்த்ததில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. எங்கள் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கண்ணில் படும் காகிதத்தையெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அதனால் ‘லேமினேஷன்’. சான்றிதழ்கள் போக, தன் கல்யாணப் பத்திரிகை, மகளின் முதல் பஸ் டிக்கெட், பிடித்த ஓட்டலின் சாப்பாட்டு டோக்கன் எல்லாம் அவரிடம் லேமினேட் ஆகிப் பத்திரமாக இருந்தன. ஒருமுறை அவருடைய மனுவை நான் நிராகரித்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அந்த உத்தரவையே லேமினேட் செய்து கடையில் மாட்டினார். அதற்குப் பிறகுதான் நாங்கள் நண்பர்களானோம்.

அவருடைய ஒரே எதிரி கரண்ட். அது போனால் கடை செத்துவிடும். ஒரு நாள், ஒரு விவசாயியின் பட்டா மெஷினுக்குள் பாதி நுழைந்திருந்த நேரத்தில் போனது. திரும்பி வந்தபோது மெஷினையே கருக்கிக்கொண்டு வந்தது. பட்டா ஒரு பாதி பளபளப்பாகவும் மறுபாதி அப்பளமாகவும் வெளியே வந்தது. விவசாயிக்கு நகல் வாங்கும் வழியை நான் சொல்லி அனுப்பினேன். நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் வழிமுறைகள் ஓய்வு பெறவில்லை. லேமினேஷன் மட்டும் மெஷினைப் பார்த்தபடி நின்றார்.

“சார், என் பொழப்பே ஒரு ஒயர்ல தொங்குது. இனிமே எனக்கு ஒயரே வேணாம்.”

போனில் ஒரு வெள்ளைக்காரர் காட்டுக்குள் தனியாக வீடு கட்டி, தானே விளைவித்துத் தானே சமைத்து வாழும் வீடியோக்களை அவர் ரகசியமாகப் பார்த்து வந்திருக்கிறார். அந்த வெள்ளைக்காரருக்கு ஆறு இருந்தது, ஆற்றில் மீன் இருந்தது. நம்மவருக்கு அடி அண்ணாமலையில் அப்பா விட்டுப்போன அரை ஏக்கரும், ஒரு கிணறும், பக்கத்திலேயே கிரிவலப் பாதையும் இருந்தன.

கரண்ட் இணைப்பு வாங்கும் முறை ஊருக்கே தெரியும். திருப்பிக் கொடுக்கவும் முறை உண்டு. அது எனக்குத் தெரிந்திருந்தது. மின்வாரியக் கவுண்டரில் இருந்தவருக்குத் தெரியவில்லை. பாக்கி இருக்கிறதா, வீடு மாறுகிறீர்களா, பாகப்பிரிவினையா என்று கேட்டுப் பார்த்தார். எதுவும் இல்லை, சும்மா வேண்டாம் என்றதும் உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து லேமினேஷனிடம் கொடுத்தார்.

லேமினேஷனின் மனைவி மல்லிகா அம்மா அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். ஒரு பார்வையில் ஒரு கூடம் நிறையக் குழந்தைகளை உட்கார வைப்பவர். நிலத்தை விற்றுவிட்டுச் சென்னையில் மகளோடு போய் இருக்கலாம் என்பது அவர் திட்டம். லாட்ஜ் கட்ட இடம் தேடும் புரோக்கர் ஒருவர் தினமும் வந்து போய்க்கொண்டிருந்தார். ஆகவே பந்தயம் ஒன்று பிறந்தது. ஐப்பசி முதல் தேதியிலிருந்து கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலை வரை, அந்த நிலத்தில் விளைந்ததைத் தவிர வேறெதுவும் இவர் வாயில் படக்கூடாது. ஜெயித்தால் மல்லிகா அம்மாவும் அங்கேயே குடிவந்துவிடுவார். தோற்றால் நிலம் புரோக்கருக்கு. நடுவர், எல்லா விதியும் தெரிந்த நான்.

மல்லிகா அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அது சரி, உங்க நெலத்துல உப்பு விளையுமா?”

திருவண்ணாமலையிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று லேமினேஷன் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

“நானும் சோத்துல உப்பு போட்டுத் துன்றவன்தான். ரோஷம் இருக்குது. உப்பே வேணாம், போ” என்றார். அந்த ரோஷத்தோடு அவருக்கு உப்பு நின்றது.

ஆடியில் கேழ்வரகு விதைத்தார். ஓரத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை, வேலியில் பூசணி, கிணற்றடியில் கீரை. கருகிய மெஷினைக் கடைசியாக ஒருமுறை பக்கத்துக் கடை கரண்டில் தட்டிக்கொட்டி ஓடவைத்து, ஒவ்வொரு பாத்திக்கும் லேமினேட் செய்த பெயர்ப்பலகை நட்டார். கீரை வராத இடத்திலும் ‘கீரை’ என்ற பலகை பளபளவென்று நின்றது. ஒரு ஆடும் வாங்கினார்.

ஐப்பசி பிறந்தது. வாரம் ஒருமுறை நான் தணிக்கைக்குப் போவேன். தீப்பெட்டி தின்னும் பொருள் அல்ல, வைத்துக்கொள்ளலாம் என்று நானே சலுகை கொடுத்தும் மறுத்துவிட்டார். பத்திரத்துப் பொடி எழுத்தைப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியால் வெயிலில் நெருப்பு மூட்டினார். ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? ஒருமுறை மூட்டிய நெருப்பு அணையாமல் இருக்க வேண்டியிருந்தது. அடைமழையில் நான் போனபோது, குடையை அடுப்புக்குப் பிடித்துக்கொண்டு அவர் நனைந்துகொண்டிருந்தார்.

அவருடைய வழக்குகளுக்கும் குறைவில்லை. “சார், வேலை செய்யும்போது மேலுதட்டு வேர்வைய நக்கிட்டேன். கொஞ்சம் உப்பா இருந்துது. அது தப்பா?”

சொந்த உற்பத்தி, செல்லும் என்று தீர்ப்பளித்தேன். அன்று இரட்டிப்பு நேரம் கொத்தினார்.

பௌர்ணமி வந்தபோதுதான் உண்மையான சோதனை. தாடி வளர்ந்திருந்தது. சோப்பு இல்லாமல் செம்மண் தண்ணீரில் துவைத்துத் துவைத்து வேட்டி காவியாகியிருந்தது. மலையடிவாரம், குடிசை, விளக்கு கிடையாது, காவி வேட்டி, மெலிந்த உடம்பு. நம் ஊரில் இதற்குமேல் விசாரணை தேவையில்லை. கிரிவலம் வந்தவர்கள் காலில் விழுந்தார்கள். புளியோதரைப் பொட்டலங்கள் வாசலில் குவிந்தன. “எடுத்துட்டுப் போங்கம்மா, நான் ஜெராக்ஸ் கடைக்காரன்” என்று பொட்டலத்தோடு பின்னாலேயே ஓடினார். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். பொறுக்க முடியாமல், ‘இங்கிருப்பவர் சாமியார் அல்ல, உணவு தர வேண்டாம்’ என்று எழுதி, மீதமிருந்த உறையில் போட்டு, அடுப்பில் சுட்ட கல்லால் தேய்த்து ஒட்டி மாட்டினார். மறுநாள் காலையில் பலகைக்கு முன்னால் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பலகையைத் தடவிப் பார்த்து, “இவ்ளோ சூட்டுலயும் ஒரு குமிழி வரல பாத்தீங்களா சார்” என்றார்.

அந்தப் புளியோதரையை ஆடு தின்றுவிட்டது. அதன் பாலைக் குடிக்கலாமா என்று என்னிடம் முறையீடு வந்தது. ஆடு பந்தயத்தில் சேர்ந்த கட்சி அல்ல, பால் செல்லும் என்றேன். ஆனாலும் அவர் குடிக்கவில்லை. பாலில் லேசாகப் புளி வாசனை அடிப்பதாகச் சொன்னார். வாசனை எதுவும் இல்லை, நான் குடித்துப் பார்த்தேன்.

தீபத்தன்று சாயங்காலம் நான் போனபோது பாதை முழுக்கத் தலைகள். அவர் பானையில் கேழ்வரகுக் கூழைக் கிளறிக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டி, தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு ராத்திரி தாண்டினால் ஜெயம். ஜெயிக்கிறவர் முகமாக அது இல்லை.

“மல்லி வருவாளா சார்?” என்றார்.

வந்தார். வருஷா வருஷம் போல் விரதமிருந்து, வெறுங்காலோடு, கூட்டத்திலிருந்து பிரிந்து குடிசைக்குள் நுழைந்தார். புருஷனைப் பார்த்தார். கீழே உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மலையுச்சியில் தீபம் தெரிந்தது. பாதையெங்கும் ‘அரோகரா’ எழுந்தது. விரதம் முடிக்க அவர் கையில் கூழ்க் கிண்ணத்தைக் கொடுத்தார் லேமினேஷன்.

ஒரு வாய் குடித்தார். அடுத்த வாய்க்குக் கிண்ணம் எழவில்லை.

“இதையா இத்தன நாளும் குடிச்சீங்க?”

“பழகிடுச்சு.”

மல்லிகா அம்மா கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தார். கல்லுப்பு. கிரிவலத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவார்கள், விளக்கு கொண்டுவருவார்கள். உப்பு கொண்டுவந்தவரை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. தன் கிண்ணத்தில் கொஞ்சம் போட்டுக் கலக்கினார். அதை அவர் பக்கம் நீட்டினார்.

“வேணாம் மல்லி. நாளைக்குக் காலையிலதான் முடியுது. சார் இருக்காரு.”

மல்லிகா அம்மா என் பக்கம் திரும்பினார். அங்கன்வாடிப் பார்வை.

“சார், நீங்க கொஞ்சம் மலையப் பாருங்க.”

நான் மலையைப் பார்த்தேன். ஊரே பார்க்கும் நேரத்தில் நான் மட்டும் பார்க்காமல் இருப்பது முறையல்ல. பின்னால், ஒரு மனிதர் கிண்ணத்தின் அடிவரை உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கொஞ்சம் அழுகையும். யாருடையது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தையில் மல்லிகா அம்மா அங்கே குடிவந்தார். முதல் வேலையாக ஒரு சோலார் விளக்கு மாட்டினார். ஒயர் ஒரு முழம்தான் என்று புருஷனைச் சமாதானப்படுத்தினார். புரோக்கர் வருவது நின்றது. நான் போகும்போதெல்லாம் லேமினேஷன் கேட்பார்: “சார், நம்ம பந்தயத் தீர்ப்பு இன்னா ஆச்சு?” பரிசீலனையில் இருக்கிறது என்பேன். உப்புப் போட்ட கூழ் ஒரு கிண்ணம் வரும்.

போன வருஷம் அவர் போய்விட்டார். மல்லிகா அம்மா அங்கேதான் இருக்கிறார். ‘கீரை’ப் பலகைக்குக் கீழே இப்போது நிஜமாகவே கீரை முளைத்திருக்கிறது. தீர்ப்பைக் கேட்கத்தான் ஆள் இல்லை. சர்வீஸில் ஒரு கோப்பைக்கூட நான் நிலுவையில் வைத்தவன் அல்ல. இதை மட்டும் முடிக்கப்போவதில்லை. யாராவது கேட்டால், அந்த நேரத்தில் நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுவேன்.