மேனித் தூய்மைக் குழு

பூமியில் பரிசுத்தமான தோல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்றால், அதற்கு எங்கள் சபையின் 'மேனித் தூய்மைக் குழு'வே முழுமுதற் காரணம். குழுவின் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த தாழ்மையோடு சொல்லிக்கொள்கிறேன். தாழ்மையில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

குழு உருவாகக் காரணமானவர் ஒரு லாரி டிரைவர். ஒரு ஞாயிறன்று மழைக்கு ஒதுங்கி ஆலயத்துக்குள் வந்தார். மழை விட்டது, அவர் விடவில்லை. வாராவாரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ராகம் போன போக்கைப் பற்றிக் கவலைப்படாமல் முழுத் தொண்டையில் பாடினார். சில மாதம் கழித்து, ஞானஸ்நானம் வேண்டும் என்றார். அதைக் கேட்டு வானத்தில் சந்தோஷம் உண்டாகியிருக்கலாம். பூமியில் நாங்கள் அவர் கையைப் பார்த்துவிட்டோம். தோளிலிருந்து விரல்வரை பச்சை குத்தியிருந்தது. கழுத்தில் ஒரு டிராகன் வேறு, பாடகர் குழுவைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

உடனே குழு கூடியது. பொருளாளர் சலூன் வைத்திருப்பவர். அவர்தான் பைபிளில் லேவியராகமத்தை எடுத்து வாசித்தார். ஆர்வத்தில் ஒரு வசனம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். தாடியின் ஓரத்தில் கத்தரி படக் கூடாது என்று வந்தது. சட்டென்று அந்த வரியை விரலால் மூடிக்கொண்டார்.

"அது அந்தக் காலத்துக்குச் சொன்னது," என்றார் தலைவர், வழவழத்த தாடையைத் தடவியபடி.

"அப்ப பச்சை குத்தாதேன்னு சொல்ற அடுத்த வசனம்?" என்றார் பொருளாளர்.

"அது எல்லாக் காலத்துக்கும்."

ஏகமனதாக நிறைவேறியது.

"கர்த்தர் கொடுத்த சரீரத்த அப்படியே வச்சிருக்கணும்," என்றார் மாதர் சங்கத் தலைவி. அவருடைய புருவங்கள், வேர்த்தாலும் அழியாதபடி பார்லரில் ஊசியால் போட்டவை. அதற்குப் பெயர் 'பராமரிப்பு'.

டிரைவரை அழைத்தோம். குத்திக்கொள்வது தவறு என்பதை அவரைக் குத்திக் குத்தியே விளக்கினோம்.

"இதையெல்லாம் அழிச்சிட்டு வர முடியாதா தம்பி?" என்றார் தலைவர்.

"டிராகன வேணா அழிச்சிடறேன் ஐயா. அது இருபது வயசுத் திமிரு." சட்டைக் கையைச் சுருட்டினார். ஒரு பெண்ணின் முகம். "இது எங்கம்மா. செத்தப்ப ஒரு போட்டோகூட இல்ல. முகம் மறந்துடுமோன்னு பயந்து, ஞாபகத்துல இருந்தத சொல்லிச் சொல்லி வரையச் சொன்னேன். இத அழிச்சாத்தான் தண்ணில இறக்குவீங்கன்னா, நான் கரையிலேயே நின்னுக்கறேன்."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு, "உணர்ச்சி வேற, ஒழுங்கு வேற," என்றார்.

மேலும் இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு இரக்கம் வென்றது. வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், வெள்ளைக் கையுறை. அழிக்க வேண்டியதில்லை, மறைத்தால் போதும். எங்கள் சபையில் எல்லாப் பாவங்களுக்கும் உள்ள சலுகைதான்.

ஞானஸ்நான நாள் வந்தது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி பொத்தான் போட்டுக்கொண்டு டிரைவர் தொட்டியில் இறங்கினார். வெள்ளைத் துணிக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவைப் பற்றிக் குழு விவாதித்திருக்கவில்லை. சட்டை உடம்போடு ஒட்டியது. கண்ணாடி போட்ட படம்போல அம்மா சபைக்கு முன் காட்சி கொடுத்தார். மாதர் சங்கத் தலைவி குலுங்கிக் குலுங்கி அழுதார். புருவம் மட்டும் கலையவில்லை.

போதகர் டிரைவரின் தலையில் கைவைத்தார். பெயர் சொல்லித்தான் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டு எங்கள் பக்கம் குனிந்தார்.

"இவர் பேரென்ன?"

தலைவர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் தலைவியைப் பார்த்தார். மூவரும் என்னைப் பார்த்தார்கள். கழுத்தில் டிராகன், இடது கையில் நங்கூரம், விரல்களில் நட்சத்திரம், எல்லாம் எனக்கு மனப்பாடம். பெயர்? அத்தனை கூட்டங்களிலும் அவர் 'பச்சைக்காரர்'தான்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி டிரைவர் எங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"அதையும் நெத்தியில குத்தியிருந்தா படிச்சிருப்பீங்கல்ல ஐயா!"