தரவு பழுதாகாத தூரம்

மனிதன் தோன்றிய நாளிலிருந்து நோயாளிகளை விசாரித்துவந்த முறை அடியோடு பிழையானது என்பதை உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்த பெருமை, திருகோணமலையில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் நோயாளர் சந்திப்புச் சபையையே சாரும். அதன் செயலாளர் என்ற முறையில் இதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

முன்பு நாங்களும் மற்றவர்களைப்போல அறியாமையில்தான் இருந்தோம். ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு பிஸ்கட் பெட்டியோடு நோயாளியின் வீட்டுக்குப் போவோம். கதிரையில் இருந்து "இப்ப எப்பிடி?" என்று கேட்போம். அவர் சொல்லத் தொடங்கியதும் எங்களுடைய வருத்தங்களைச் சொல்வோம். பிளேன்ரீ குடிப்போம். ஒரு செபம் சொல்லிவிட்டு வருவோம். இதில் அளவீடும் இல்லை, வரைபடமும் இல்லை. நோயாளி கொஞ்சம் சிரித்தார் என்பதைத் தவிர வேறு ஆதாரம் எதையும் எங்களால் காட்ட முடிந்ததில்லை.

இந்த இருளை நீக்கியவர் மெல்ரோய். மெல்பேர்ணில் கைக்கடிகாரக் கம்பனி ஒன்றில் பெரிய பதவி. அவருடைய தாயார் மாகிரட் அம்மா முழங்கால் வருத்தத்தோடு உட்துறைமுக வீதிக்கு மேலே ஓர் ஒழுங்கையில் தனியாக இருக்கிறார். கோயில் வாசலில் நின்றால் அவருடைய வீட்டுக் கூரை தெரியும். இன்னும் கடைக்கு வராத புதுரகக் கடிகாரங்களை மெல்ரோய் பெட்டியோடு அனுப்பிவைத்தார். தாயாருக்கு ஒன்று, மற்ற நோயாளிகளுக்குச் சில, "சேவை செய்பவர்களும் சுகமாயிருக்கவேண்டும்" என்று சபையாருக்கு ஆளுக்கொன்று.

நாடித் துடிப்பையும் நித்திரையையும் அளக்கும் கடிகாரங்களை யாரும் கட்டலாம். இது 'தனிமைச் சுட்டெண்' அளக்கும் கடிகாரம். கட்டியிருப்பவரோடு உயிருள்ள மனிதர் எவ்வளவு கதைக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கும். வானொலியைப் போட்டு ஏமாற்ற முடியாது. கதை நிறைய இருந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், இல்லாவிட்டால் சிவப்பு. எல்லா நிறமும் கோயில் மண்டபத்தில் உள்ள திரையில் தெரியும். மெல்ரோயின் தொலைபேசியிலும் தெரியும்.

"இதுதான் எதிர்காலம்," என்றார் எங்கள் தலைவர் ஹெக்டர். "இனி ஒருத்தரும் வெயிலுக்குள்ள அலையத் தேவையில்லை. ஃபானுக்குக் கீழ இருந்தே ஊர் முழுக்கச் சந்திக்கலாம்."

முதல் வாரமே மாகிரட் அம்மா சிவப்பு. அவசரக் கூட்டம் கூட்டினோம்.

"ஆராவது ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வந்தா என்ன?" என்று பழைய பழக்கத்தில் நான் கேட்டுவிட்டேன்.

கணினி படிப்பிக்கும் மெலனி திடுக்கிட்டார். "என்ன சேர் இது? நாங்கள் போய்க் கதைச்சா அவவின்ர உண்மையான தனிமையை எப்பிடி அளக்கிறது? தரவெல்லாம் பழுதாப் போயிடுமெல்லோ!"

விஞ்ஞானத்துக்கு நான் செய்யவிருந்த கேட்டை எண்ணி வெட்கப்பட்டேன். எனவே தரவு பழுதாகாத வகையில் உதவி செய்தோம். 'இனிய காலை வணக்கம்' எழுதிய பூப்படங்களையும், கைகூப்பிய படங்களையும், வேத வசனங்களையும் சபையார் எல்லோரும் இடைவிடாது அனுப்பினோம். அன்பின் பாரம் தாங்காமல் மாகிரட் அம்மாவின் தொலைபேசி உறைந்துபோய், மகனுடைய அழைப்பைக்கூட எடுக்க முடியாமற் போயிற்று.

மகன் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தார். "அங்கிள், அம்மா இப்பிடியே சிவப்பில இருந்தா நான் வந்து நீர்கொழும்பில ஒரு முதியோர் இல்லத்தில விட்டிட்டுப் போறன். அங்கயும் எங்கட கடிகாரம்தான் குடுத்திருக்கு. எல்லாரும் பச்சையாம்."

செய்தி எப்படியோ காதில் விழ, பக்கத்துக் கடைத் தொலைபேசியிலிருந்து தாயாரும் எடுத்தார். "தம்பி ஹெக்டர், உந்தப் பச்சைக்கு நான் என்ன செய்யவேணும், சொல்லும்? என்னை இந்த வீட்டால எழுப்பிப்போடாதேங்கோ. இதுக்குள்ளயே இருந்திடுறன்."

"அக்கா, நீங்கள் ஒண்டும் செய்யக்கூடாது. இயல்பா இருங்கோ. அதுதான் முக்கியம்."

எங்கள் சபையின் ஆலோசனை வீண்போகவில்லை. அடுத்த வாரம் மாகிரட் அம்மா பச்சையானார். சும்மா பச்சையல்ல, மழைக்குப் பிறகு மூதூர் வயல் தெரியுமே, அந்தப் பச்சை. பின்னேரம் ஆனால் திரையே பளபளத்தது. மெல்ரோய் வாழ்த்துச் சொன்னார். இந்த வெற்றியின் இரகசியத்தை அறிந்து மற்ற நோயாளிகளுக்கும் பரப்பவேண்டும் என்று தீர்மானித்து, ஆய்வுப் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். நான் ஓர் ஆட்டோ பிடித்துப்போய் ஒழுங்கை முடக்கில் நிறுத்தி, இறங்காமல், தரவு பழுதாகாத தூரத்தில் இருந்தபடி அவதானித்தேன்.

எங்கள் ஊர்ப் பழைய கோட்டைக்குள் மான்கள் உண்டு; அவை அதற்குள் அடங்கியிருப்பவை அல்ல. அவற்றில் ஒன்று மாகிரட் அம்மாவின் குசினிப் பக்கம் நின்று அவர் வைத்த பூசணித்தோலைத் தின்றது. பிறகு தகரவேலி இடுக்கால் நுழைந்து அடுத்த வளவுக்குப் போனது. அது பல்கீஸ் என்ற பெண்மணியின் வளவு.

"மாகிரட் அக்கா! உங்கட மான் என்ட வெண்டிக் கண்டு முழுக்கத் திண்டுட்டு நிக்கிது!"

"என்ர மானோ? ஏன், என்ர பேர் அதின்ர முதுகில எழுதிக் கிடக்கோ?"

"பூசணித்தோல் வெச்சுக் கூப்பிட்டது நீங்கதானே!"

"நான் தோலுக்குத்தான் கூப்பிட்டனான். வெண்டிக்கு நீர்தான் கூப்பிட்டிருக்கிறீர்."

"அல்லாஹ்வே, இந்த மனிசிக்கு வாய் குடுக்க ஏலா!"

"அப்ப ஏன் நெடுகக் குடுக்கிறீர்?"

பொழுதுபடும் வரை இது நடந்தது. மானில் தொடங்கி, மழைத்தண்ணீர் ஓடும் கான், சேவல் கூவும் நேரம், பல்கீஸின் மருமகள் என்று விரிந்தது. இருட்டத் தொடங்கியபோது வேலிக்கு மேலால் ஒரு மூடிய கோப்பை நீண்டது. "இந்தாங்க, கஞ்சி. முழங்காலுக்கு வெந்தயம் போட்டிருக்கன். குடிச்சிட்டுக் கோப்பையைக் கழுவித் தாங்க, போன முறை மாதிரிக் காயவிடாம." ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்பதால் கஞ்சியை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை.

அறிக்கையை வாசித்ததும் சபை அதிர்ந்தது.

"சண்டையால வந்த பச்சையோ!" என்றார் ஹெக்டர். "அயலவரை நேசிக்கச் சொன்ன சமயம் எங்கடது. இதை வெளியில சொல்ல ஏலுமோ?"

சண்டையின் மூலகாரணம் வேலி இடுக்கு என்று கண்டறியப்பட்டது. இரு வளவுக்கும் நடுவே ஆளுயரத்துக்கு மேலாக ஒரு 'நல்லிணக்க மதில்' கட்டித் தருவதென்று முடிவாயிற்று. கட்டியும் முடித்தோம். மதிலை எப்படித் திறந்துவைப்பது என்பதில் சிறு குழப்பம் வந்தது. ஒழுங்கைப் பக்கத்து முனையில் நாடா கட்டி ஹெக்டர் வெட்டினார். படம் எடுத்தோம். மாகிரட் அம்மா வாசலுக்கு வந்து, "எல்லாருக்கும் இஞ்சி போட்டுப் பிளேன்ரீ ஊத்தி வைச்சிருக்கிறன், உள்ளுக்கு வாங்கோவன்," என்றார். எங்களுக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

அன்றிலிருந்து அந்த ஒழுங்கையில் பூரண சமாதானம் நிலவியது. திரையில் மாகிரட் அம்மா மறுபடியும் சிவப்பு.

இம்முறை மெல்ரோய் தொலைபேசி எடுக்கவில்லை. நேரே வந்து இறங்கிவிட்டார். நீர்கொழும்பில் அறையும் ஒழுங்காகிவிட்டது. சபை உடனே செயலில் இறங்கி, பிரியாவிடைக்கு ஒரு நினைவுப் பலகை செய்வித்தது. அதைக் கையளிக்க நான் போனபோது, தாயாரின் பெட்டி வாசற்படியில் இருந்தது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் காரைத் தேடி ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடும்ப விடயத்தில் தலையிடக்கூடாது என்று நான் கேற்றுக்கு வெளியே நின்றேன்.

அந்த நேரம் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு பல்கீஸ் உள்ளே போனார்.

"ஆர் கேட்டது இந்த மதிலை? இப்ப அந்த மான் ஒழுங்கையால சுத்தி என்ட முன்வாசலால வருது!"

மாகிரட் அம்மா நிமிர்ந்தார். "அதுக்கு நான் என்ன செய்ய? மதிலிட்டப் போய்க் கேளும்."

"மதில் கதைக்குமா? கதைச்சா நான் ஏன் இவ்வளவு தூரம் சுத்தி வாறன்?" அப்போதுதான் பெட்டி கண்ணில் பட்டது. "இது என்ன பெட்டி? எங்க போறீங்க?"

"நீர்கொழும்புக்காம்."

"எவ்வளவு நாளைக்கி?"

மாகிரட் அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார். பல்கீஸ் மெல்ரோயை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அந்தப் பெட்டியின்மேல் சப்பாணி கட்டி இருந்துகொண்டார்.

"அப்ப நான் ஆரோட சண்டை பிடிக்கிறது? சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க, தம்பி."

"எழும்பும் பல்கீஸ், பெட்டி உடையப்போகுது!"

"உடையட்டும்! உங்கட மான் என்ட வெண்டிய உடைக்கல்லியா?"

"திரும்பவும் என்ர மானோ?"

மெல்ரோய் தன் தொலைபேசியைப் பார்த்தார். பச்சை. தாயாரைப் பார்த்தார். அவர் முழங்காலை மறந்து இரண்டு படி இறங்கி வந்து விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். மெல்ரோய் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அன்ரி, கொஞ்சம் எழும்புறீங்களோ? பெட்டியை உள்ளுக்கு வைக்கவேணும்."

பலகையை நான் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தேன். பெயரை மாற்றினால் வேறு யாருக்காவது உதவும்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இந்தச் சாதனையை நானே வாசித்தேன். "எமது சபை மதில் அமைத்ததன் பயனாக, அயலவர் வாசலால் சுற்றிவர நேர்ந்து, தேகப்பயிற்சியும் சகோதர உறவும் ஒருங்கே வளர்ந்தன." பலத்த கரகோசம். கடைசிக் கதிரையில் இருந்த பங்குச் சுவாமியார் எழுந்திராமலே மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் சந்தோசம். மாகிரட் அம்மாவின்ர வீட்டுக்குள்ள கடைசியாப் போனது உங்களில ஆர்?"

ஹெக்டர் என்னைப் பார்த்தார். நான் அறிக்கையைப் புரட்டினேன்.

அப்போது சபையார் அனைவருடைய கையிலும் கடிகாரம் ஒருசேர அதிர்ந்தது. ஒன்றாக வந்து ஒன்றாக உட்கார்ந்தவர்கள் ஆதலால் எல்லோருக்கும் ஒரே செய்திதான். 'நீண்ட நேரமாக அமர்ந்திருக்கிறீர்கள். எழுந்து சற்று நடக்கவும்.'

சுவாமியாரிடம் கடிகாரம் இல்லை. ஆனாலும் அவர் எழும்பினார். குடையை எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கி, மாகிரட் அம்மாவின் வீட்டுக் கூரை தெரிந்த பக்கமாக நடந்தார்.

ஹெக்டர் தொண்டையைச் செருமினார். "மெலனி, உந்த அறிவிப்பை நிப்பாட்ட ஏலாதோ?"

"ஏலும் சேர். தீர்மானம் ஒண்டு இருந்தா எல்லாருக்கும் ஒரேயடியா நிப்பாட்டிவிடலாம்."

தலைவர் முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன். கடிகாரம் கட்டிய கைகளை எல்லோரும் உயர்த்தினோம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதற்கு ஒருவரும் எழும்பவேண்டி வரவில்லை.