ஆள் வேண்டாம் என்ற வீட்டு புரோக்கர்

பெங்களூருக்குப் பிழைக்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதற்காகவே ஒருவர் வீட்டு புரோக்கர் தொழில் செய்தார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும், அவர் பிடித்துக் கொடுத்த வீட்டில்தான் இன்றைக்கும் குடியிருக்கிறேன். லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருமுனை டீக்கடை பெஞ்சுதான் அவருடைய ஆபீஸ். அம்மா அப்பா வைத்த பெயர் என்னவோ ஒன்று இருந்திருக்கும், தெருவில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் ஜனத்தொகை. என்னைப்போல வயதில் சின்னவர்களுக்கு ஜனத்தொகை அண்ணா.

வேறு புரோக்கராக இருந்தால் காற்று பிய்த்துக்கொண்டு வரும், தண்ணீர் கொட்டும் என்று அளப்பார். இவர் வீட்டைப் பற்றியே பேசமாட்டார். முதல் கேள்வி, எந்த ஊர் என்பது. கர்நாடகத்துக்குள் இருக்கிற ஊரைச் சொல்லிவிட்டால் தொலைந்தோம். ராய்ச்சூர் என்றால் ராய்ச்சூரில் என்ன குறைச்சல், ஷிவமொக்கா என்றால் அந்த மழையை விட்டுவிட்டு இந்தப் புகைக்கு ஏன் வருகிறாய் என்று கன்னடத்தில் பிடித்துக்கொள்வார். எல்லோரும் இங்கேயே வந்து குந்திக்கொண்டால் மற்ற ஊர்களில் எல்லாம் யார் இருப்பது என்பது அவருடைய தீராத கவலை.

நான் ஆஸ்டின் டவுனில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்து வந்தவன். பெட்டியோடு போய் நின்றேன். ஊர் குடியாத்தம் என்றதும் கொஞ்சம் யோசித்தார்.

"சரி, நீ வேற ராஜ்யம். உங்க ஊர்ல ஆள் கொறஞ்சா அத உங்க கவர்மெண்ட்டு பாத்துக்கும். வா, வூடு காட்றேன்" என்றார்.

காட்டினார். போர் தண்ணீர் உப்பு, மேல் வீட்டுக்காரர் விடியற்காலையில் மாவு அரைப்பார், பக்கத்துச் சந்தில் நாய்கள் அதிகம் என்று எல்லாவற்றையும் அவரே சொன்னார். அப்படியும் வேண்டும் என்று நின்றேன். பிறகுதான் புரிந்தது, வீட்டுக்காரர்கள் ஏன் சாவியை இவரிடமே கொடுக்கிறார்கள் என்று. இத்தனையும் கேட்டுவிட்டு ஒருவன் குடிவந்தால், அவனுக்குப் போக வேறு இடமில்லை என்று அர்த்தம். லேசில் காலிபண்ணமாட்டான்.

அன்று முதல் என் பெயர் போனது, நான் குடியாத்தம் ஆனேன். தெருவில் ராய்ச்சூர் ஒருவர் இருந்தார், மண்டியா ஒருவர் இருந்தார். யாரையும் அவர் ஊரை விட்டுப் பெயரால் கூப்பிட்டதில்லை. ஊர் மறந்துபோகக் கூடாதாம்.

அவருக்கே ஒரு ஊர் இருந்தது, கே.ஜி.எஃப். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியதும் அந்த ஊர் சனமெல்லாம் பெங்களூருக்கு வேலை தேடி ரயிலேறியது. காலையில் வந்து சாயங்காலம் திரும்பிப் போகிறவர்கள் என்றால் ஜனத்தொகை அண்ணாவுக்கு உயிர். வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டால் அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். "இங்க ஒரு வூட்டுல பால் காச்சினா, எங்கியோ ஒரு ஊர்ல ஒரு அடுப்பு அணையுது" என்பார். புது வீட்டில் பால் காய்ச்சுகிறவர்கள் புரோக்கருக்கும் ஒரு டம்ளர் நீட்டுவது வழக்கம். அவர் வாங்கியதே இல்லை.

சரி, நீங்கள் மட்டும் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "நான் சும்னே வந்துட்டுப் போறவன்" என்பார். சும்னே என்றால் கன்னடத்தில் சும்மா. வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் எதிர்வீட்டில்தான் குடியிருந்தார். அந்த வீட்டில் பால் காய்ச்சக் கூடவே கூடாது என்று தடுத்துவிட்டாராம். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா சர்ச் கொயரில் பாடுகிறவர், குரல் தெருக்கோடி வரை கேட்கும். "கல்யாணம் பண்ணதுலேர்ந்து ஒரு கெஸ்ட்டுக்குச் சோறாக்கிக்கினு கீறேன்" என்று அந்தக் குரலிலேயே சொல்வார்.

அண்ணாவின் வாழ்நாள் வெற்றி ஒன்று உண்டு. தாவணகெரேயிலிருந்து ஒரு இளம் தம்பதி வீடு கேட்டு வந்தார்கள். அவர்களை உட்காரவைத்து அந்த ஊர் வெண்ணெய் தோசையைப் பற்றிப் பேசினார் பாருங்கள், கல்லில் சுடுவதிலிருந்து தொட்டுக்கொள்ளும் சட்னி வரை. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். "பெங்களூர்ல ரெண்டு கம்மி" என்று அண்ணா தெரு முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச காலம் கழித்து அதே ஜோடி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றது. அண்ணா அவர்களைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், பேசாமல் சாவியை எடுத்துக் கொடுத்தார். அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வருஷம் வீடு வீடாக சென்சஸ் கணக்கெடுக்க ஆரம்பித்தார்களே, அப்போதுதான் சமாச்சாரம் முற்றியது. கே.ஜி.எஃப்பில் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய சின்ன வீடுகளை லைன் என்பார்கள். அண்ணாவின் அப்பா வாழ்ந்த லைனில் முக்கால்வாசி வீடுகளுக்குப் பூட்டு. இவர் மட்டும் மாதாமாதம் போய் அப்பா வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு வருவார். போன கணக்கெடுப்புக்கும் அங்கே போய் உட்கார்ந்து, தன்னை அந்த ஊர் ஆளாகவே எழுதவைத்துக்கொண்டு வந்தவர். எண்ணுகிற நாளில் எந்த ஊரில் அடுப்பு எரிகிறதோ அந்த ஊர்க்காரன்தான் நாம் என்பது அவர் சட்டம். எந்த அரசாங்கமும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை.

லைனுக்குக் கணக்கெடுக்கிற டீச்சர் வரப்போகிறார் என்று ஊரிலிருந்து போன் வந்தது. அண்ணா புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஈஸ்ட் ஸ்டேஷனுக்கு ஓடினார். அங்கே படிக்கட்டில் கால் பிசகி விழுந்தார். கே.ஜி.எஃப் வழியாகப் போகிற மாரிக்குப்பம் ரயில் அவரை விட்டுவிட்டுக் கிளம்பியது.

ஆஸ்பத்திரியில் காலில் மாவுக்கட்டு. கட்டுப் போட்ட டாக்டரிடம் எந்த ஊர் என்று விசாரித்து, கலபுரகி என்று தெரிந்ததும், அங்கே டாக்டர் இல்லாமல் ஜனங்கள் தவிக்கும்போது உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டுவிட்டார். டாக்டர் நல்ல மனிதர், ஊசியோடு விட்டார். நாங்கள் சிரித்தோம். அண்ணா சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு டீச்சர் வரும். பூட்டு தொங்கும். காலி வூடுன்னு எழுதினு பூடும். எங்கப்பா அந்த மண்ணுக்குள்ள எறங்கி எறங்கியே செத்தாரு குடியாத்தம். அவரு வூட்டக் காலின்னு எழுதக் கூடாது."

அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். ஸ்டெல்லா அக்கா அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். அந்த ஊர்ப் பக்கம் போய் எத்தனையோ வருஷமானவர் அக்கா. துணைக்கு நான் போனேன்.

லைன் வீடு பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு அறையும் ஒரு அடுப்படியும். அக்கா வாசலைக் கூட்டினார். ஆள் இருக்கிற வீடாகத் தெரிய வேண்டுமே என்று பால் வாங்கிவரச் சொல்லி அடுப்பில் வைத்தார். பால் பொங்கி வரும்போது டீச்சரும் வந்துவிட்டார், கையில் மொபைல், நெற்றியெல்லாம் வியர்வை. அக்கா ஒரு டம்ளர் பால் கொடுத்தார். குடித்துவிட்டு டீச்சர் ரொம்ப மரியாதையாகவே கேட்டார், "நீங்க இங்கயே இருக்கறவங்களாம்மா? இல்ல இதுக்காக வந்தீங்களா? நாலு லைன் பாத்துட்டேன், நெறைய பேர் இதுக்காகவே வந்திருக்காங்க."

சுவரில் மாமனார் படம் மாட்டியிருந்தது, தலையில் சுரங்கத்துத் தொப்பியோடு. அக்கா அதைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார்.

"இருக்கறதுக்குத்தான் வந்தோம். நானும் எங்க வூட்டுக்காரரும். அவரு கால் ஒடஞ்சி ஆஸ்பத்திரில கீறாரு, வந்துருவாரு" என்றார்.

டீச்சர் பதிந்துகொண்டு போனார். அக்கா பிரமாதமாகச் சமாளித்துவிட்டார் என்று நினைத்தபடி நான் திரும்பிப் போகும் ரயில் நேரத்தைப் பார்த்தேன். அக்கா அசையவில்லை.

"நீ போ தம்பி. அவர டிஸ்சார்ஜ் பண்ணி இங்கயே இட்டுனு வந்துடு. அந்த டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்ல, இனிமே அது பொய்யாவக் கூடாது. பாலும் காச்சியாச்சி."

நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், ஜனத்தொகை அண்ணா இதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. லிங்கராஜபுரத்தில் யார் வீடு பார்த்துக் கொடுப்பது, ராய்ச்சூர் பெண்ணுக்குப் பிரசவ மாசம், மண்டியாவுக்கு மோட்டார் ரிப்பேர் என்று ஆயிரம் சாக்கு. வாழ்க்கை முழுக்க எல்லோரையும் ஊருக்குப் போ என்று விரட்டியவருக்குத் தன் முறை வந்ததும் தெருவை விட மனமில்லை. அக்கா போனில் இரண்டே வார்த்தை பேசினார், "பால் காச்சியாச்சி." காரில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டேன். வாசலில் அக்கா பாலோடு நின்றார். அந்த டம்ளரை மட்டும் மறுக்காமல் வாங்கிக் குடித்தார்.

எதிர்வீட்டுச் சாவியை வீட்டுக்காரர் என்னிடம் கொடுத்துவைத்தார். போன மாசம் ஒரு இளம் தம்பதி வந்து கேட்டார்கள், ஹுப்பள்ளியாம். "ஏன், ஹுப்பள்ளியில் வேலை இல்லையா?" என்று என் வாய் தானாகக் கேட்டுவிட்டது. இருந்தால் ஏன் வருகிறோம் என்று அந்தப் பெண் சிரித்தாள். சாவியைக் கொடுத்தேன். நல்ல பிள்ளைகள், பால் காய்ச்சி எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணா போன் செய்வார். பின்னால் அக்காவின் பாட்டு கேட்கும். கால் இப்போது தேவலையாம், லைனில் இன்னொரு வீட்டிலும் பூட்டு திறந்துவிட்டதாம். கடைசியில் கேட்பார், "நம்ம ஸ்ட்ரீட்ல ஜனத்தொகை எப்டி கீது, குடியாத்தம்?"

இரண்டு பேர் போனார்கள், இரண்டு பேர் வந்துவிட்டார்கள். கணக்கு எழுதுகிறவனுக்கு இது தெரியாதா? ஆனாலும் ஒவ்வொரு வாரமும் நான் சொல்வது ஒன்றுதான்.

"ரெண்டு கம்மிண்ணா."