மெஷினுக்குள் ஒரு வெளியாள்

"இந்தாளு யாரும்மா, நம்ம மெஷினுக்குள்ள?"

தனேஸ்வரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எடை மெஷினின் சின்னத் திரையில் மூக்கை ஒட்டினார். அவருடைய கம்பெனி பெயருக்குக் கீழே, வாயில் நுழையாத ஒரு வெள்ளைக்காரன் பெயர். அதற்கும் கீழே ஆங்கிலத்தில் நாலு பத்தி.

மெஷினுக்கு மென்பொருள் எழுதிய நிலானி எட்டிப் பார்த்தாள். "டேட்டாபேஸ் சார். யாரு எத்தனை செம்பனைக் குலை வெட்டுனாங்க, என்ன எடை, எல்லாம் அதுலதான் பதிவாகும். அதை எழுதுனவரு."

"அவன்கிட்ட பர்மிஷன் வாங்கினியா?"

"தேவையில்ல சார். ஓபன் சோர்ஸ். யாரும் எடுத்துக்கலாம். நம்ம பொருளுக்குள்ள வெச்சு விக்கவும் விக்கலாம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

தனேஸ்வரன் கண்ணாடியை இறக்கி அந்தப் பெயரை இன்னொரு முறை பார்த்தார். சுங்கை காடுட்டில் இந்தப் பட்டறையைத் திறப்பதற்கு முன், இருபது வருஷம் ரப்பர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து மரப்பால் நிறுத்தவர். வாளியைப் பார்த்தவுடன் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கலக்காத வாளியைப் பார்த்தால் அவருக்கு இன்னும் சந்தேகம் வரும்.

மறுநாள் காலை ரந்தாவ் பக்கம் ஒரு செம்பனை எஸ்டேட்டில் மெஷினைக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் அந்த எஸ்டேட்டின் பத்து டிவிஷனுக்கும் ஆர்டர். பிடிக்காவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"அந்த வெள்ளைக்காரனுக்கு ஒரு ஈமெயில் போடு. கேட்டுடுவோம்."

நிலானி போட்டாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. தாராளமாகப் பயன்படுத்துங்கள், விற்றுக்கொள்ளுங்கள், உரிமத்தில் சொல்லியிருப்பதுபோல் செய்தால் போதும், வாழ்த்துகள்.

"ஒரு மணி நேரத்துல பதில் போடுறானே! காத்துக்கிட்டே இருந்திருக்கான் பாரு."

"நல்ல மனுசன் சார்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

"அந்த நாலு பத்திதான் உரிமம், படிச்சுப் பாருங்க சார். சின்னதுதான்."

படித்தார். அதாவது, பெரிய எழுத்தில் இருந்த கடைசிப் பத்தியை மட்டும் படித்தார். எந்த உத்தரவாதமும் கிடையாது, எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல என்று அதில் இருந்தது.

"பாத்தியா! செய்யறதைச் செஞ்சிட்டுக் கையைக் கழுவுறான்."

"எல்லாரும் அப்படித்தான் சார் எழுதுவாங்க."

"எல்லாருமா? அப்ப இது பெரிய கூட்டம்!"

மனசு ஆறவில்லை. தெமியாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பழைய கூட்டாளி சலாவுதீனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"பாய், நீங்க யாருக்காச்சும் கடையைச் சும்மா குடுப்பீங்களா?"

"கடையா? நான் வெறுந்தண்ணியே சும்மா குடுக்க மாட்டேன் லா. ஆமா, இதைக் கொண்டாந்தது யாரு?"

"எங்க ஆபீஸ் பொண்ணு."

"அந்தப் பொண்ணு அவனோட ஆளா இருந்தா?"

இது தனேஸ்வரனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியபின் வேறு எதுவும் தோன்றவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிலானி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். போனில் ஏதோ பூனை வீடியோ. அவருக்கு அது பூனையாகத் தெரியவில்லை.

"நாளைக்கு விடியுமுன்ன கிளம்பணும், நீ வீட்டுக்குப் போம்மா" என்று அவளை அனுப்பிவிட்டு, வயர் வேலை பார்க்கும் சசிதரனைக் கூப்பிட்டார்.

"அந்தப் பேரு, அந்த நாலு பத்தி, எல்லாத்தையும் தூக்க முடியுமா?"

"ரெண்டு ஃபைல்தான் பாஸ். அழிச்சா போயிடும்."

"அழி. கையேட்டுல அந்தப் பக்கத்தையும் கிழி."

அழித்தான். கிழித்தான். அப்போதும் தனேஸ்வரனுக்கு மெஷின் மொட்டையாக நிற்பதுபோல் பட்டது. ‘முழுவதும் எங்கள் சொந்தத் தயாரிப்பு’ என்று சிவப்பில் ஒரு ஸ்டிக்கர் அடிக்கச் சொல்லி, தன் கையாலேயே அதன் நெற்றியில் திலகம்போல் ஒட்டினார். அன்றைக்கு முதன்முறையாக மூச்சு சீராக வந்தது.

மறுநாள் எஸ்டேட்டில் மெஷின் அருமையாக வேலை செய்தது. ஆட்களை வைத்துக் குலைகளை ஏற்றி இறக்கிய கங்காணி மண்டோர்கூடத் தலையை ஆட்டினார். மெஷினைச் சோதிக்க ஹெட் ஆபீசிலிருந்து வந்திருந்த ஷஹீதா, மடிக்கணினியை அதில் சொருகி உள்ளே பார்த்தாள். பிறகு ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

"அங்கிள், உள்ள இருக்கற டேட்டாபேஸ் யாரோடது?"

"எங்களோடது."

நிலானி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"எனக்குப் பழக்கமான டேட்டாபேஸா இருக்கே. எங்க ஹெட் ஆபீஸ்லயும் இதான் ஓடுது. எழுதுனவர் பேரு எங்க?"

தனேஸ்வரனுக்குப் பத்து டிவிஷனும் கண்முன்னே நழுவின. கை தானாக நிலானியைக் காட்டியது.

"இந்தப் பொண்ணுதாம்மா! எவனோ ஒருத்தன் பொருளை எனக்குத் தெரியாம உள்ள வெச்சிட்டா. நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. தெரிஞ்ச உடனே, நேத்து அஞ்சு மணிக்கு, அவன் பேரு, அவன் எழுதுனது, ஒண்ணு விடாம நானே நின்னு அழிக்க வெச்சேன்!"

நிலானி முகத்தைப் பொத்திக்கொண்டாள். குற்றம் பிடிபட்டதால்தான் என்று தனேஸ்வரன் நினைத்தார்.

ஷஹீதா மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

"அங்கிள், ‘எடுத்துக்குங்க, வித்துக்குங்க, என் பேரை மட்டும் அழிக்காதீங்க’ன்னுதான் அந்தாளு கேட்டிருக்காரு. நேத்து அஞ்சு மணி வரைக்கும் இந்த மெஷின்ல திருட்டுப் பொருளே இல்ல."