சின்னப்பராஜின் இரக்க குணம்

நம்மூரில் ‘பாவம் பார்ப்பவர்’ என்று ஓர் இனம் உண்டு. பெண்களைத் திட்ட மாட்டார், மட்டம் தட்ட மாட்டார், “அவங்க இல்லன்னா நாம ஏதுங்க” என்று மைக் கிடைத்த இடத்திலெல்லாம் உருகுவார். பெரிய நாற்காலியில் மட்டும் உட்கார வைக்க மாட்டார். ஏன்? பாவமாம்!

திண்டிவனத்தில் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர்) எண்ணெய்க் கம்பெனி நடத்தும் சின்னப்பராஜையே பாருங்கள். தங்கமான மனுஷர். மகளிர் தினம் வந்தால் ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் தவறாது. அவருடைய ஜெனரல் மேனேஜர் விருத்தாசலம் ஓய்வு பெறுகிறார் என்றதும், அடுத்தது இருதயசெல்விதான் என்று வாட்ச்மேன் வரைக்கும் முடிவு கட்டிவிட்டார்கள். செல்விக்கும் அந்த ஆசை நிறையவே இருந்தது. இருக்காதா? பத்தொன்பது வருஷமாக விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, கொள்முதல், மெஷின், லாரி, லேபர் தகராறு அத்தனையையும் கட்டி மேய்ப்பவர் அவர்தானே. விருத்தாசலம் கையெழுத்துப் போடுவார்.

சின்னப்பராஜுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஜி.எம். ஆனால் சென்னை, மும்பை என்று அலைய வேண்டுமே, பொம்பள மனுஷி, பாவம்! (பஸ்ஸில் நின்ற பத்தொன்பது வருஷமும் இந்தப் பாவம் எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள்.) செல்வியையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பாரா? ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு விழுப்புரம் மாதா கோயிலுக்கே போய், பூசை முடிந்து வந்த செல்வியின் வீட்டுக்காரரை ஓரங்கட்டினார்.

“உங்க வீட்ல ஜி.எம். ஆனா உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லீங்களே?”

“எங்கிட்ட ஏன் சார் கேக்கறீங்க? அவங்களயே கேளுங்க.”

சின்னப்பராஜுக்குப் புரிந்துவிட்டது. மனுஷனுக்கு இஷ்டமில்லை, வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார்! நம்மால் ஒரு குடும்பத்தில் சண்டை வரலாமா? வந்த நாற்காலி தங்கை மருமகன் கோபிக்குப் போனது. கோபிக்கு மல்லாட்டை தெரியுமா? வறுத்தது தெரியும்.

“கத்துக்குவான். நீதாம்மா கத்துக் குடுக்கணும்” என்றார் செல்வியிடம்.

“என்னை ஏன் சார் ஒரு வார்த்த கேக்கல?”

“உன் நல்லதுக்குத்தாம்மா. சின்னப் பசங்கள வெச்சிக்கினு எப்பிடி அலைவ? பாவம்.”

“பெரியவளுக்குக் கல்யாணமே ஆயிடுச்சி சார். நீங்க வந்து பிரியாணி சாப்ட்டீங்களே.”

மறுநாளே செல்வி ராஜினாமா கொடுத்தார். விழுப்புரத்தில் ஓர் அரிசி ஆலைக் கம்பெனிக்காரர்கள் தலைமைப் பொறுப்புக்கு வருகிறீர்களா என்று அவரையே கேட்டார்கள். வருகிறேன் என்றார். அவ்வளவுதான் விஷயம்.

கோபி முதல் மாசமே ஈர மல்லாட்டையாகப் பார்த்து வாங்கிக் குவித்ததில் குடோன் முழுக்கப் பூஞ்சணம். சின்னப்பராஜ் பதறிப்போய் போன் போட்டார்.

“செல்வி, ஒரே பேஜாரா கீதும்மா. கொஞ்சம் ஜல்தி வந்துட்டுப் போயேன்.”

“மும்பைக்குப் போய்க்கினு இருக்கேன் சார். கோபி கத்துக்குவாருங்க, திட்டாதீங்க. பாவம்.”

இப்போதெல்லாம் சின்னப்பராஜ் கூட்டங்களில் வருத்தத்தோடு பேசுகிறார்: “எவ்வளவோ செய்யறோம், பொம்பளைங்க மேல வர மாட்டேங்கறாங்களே!”

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் ஆபீஸிலோ வீட்டிலோ ஒரு பெண்ணுக்கு வரவேண்டியதை, “அவங்களுக்கு எதுக்குங்க கஷ்டம்” என்று நீங்களாகவே எப்போதாவது தள்ளிவிட்டிருக்கிறீர்களா? ஞாபகமில்லையா? என்னைக் கேட்காதீர்கள். அவரையே கேளுங்கள்.