உருகிய பியூஸ் ஐந்து

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. நான் நலம், உங்கள் மாமியார் நலம், உங்கள் மனைவி சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். வண்டியின் நலத்தைத்தான் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. நீங்கள் தினமும் மாலை ஆறு மணிக்குப் போன் செய்து, "ஏசி ஓடுதா மாமா?" என்று கேட்கிறீர்கள். "ஓடல" என்றதும் வைத்துவிடுகிறீர்கள். நடுவில் நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. ஆகவே கடிதம்.

முதலில், உங்கள் இருவருக்கும் நடந்ததைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டிப் பிழைப்பவர்களுக்குள் ஆயிரம் இருக்கும். மகள் சொன்னது இவ்வளவுதான். நடுப்பகலில், நெரிசலில், ஏசி நின்றது. அவள் வேர்க்கிறது என்றாள். நீங்கள், "உனக்கு மட்டும்தான் வேர்க்குதா?" என்றீர்கள். அவள் உங்களைக் கிடங்கு வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை நேரே எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி மனைக்கு ஓட்டி வந்துவிட்டாள். ஏசி சரியாகாமல் அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சாவியை என் கையில் கொடுத்தாள். நீங்களும், "சரியானதும் சொல்லுங்க மாமா, டிரைவர் ஒருத்தர அனுப்பி எடுத்துக்கறேன்" என்றீர்கள். ஆக, குடும்பம் சேருவது ஏசி கையில் இருக்கிறது என்று நானும் உங்கள் மாமியாரும் புரிந்துகொண்டோம்.

முப்பத்தொரு வருடம் லிப்ட் பழுது பார்த்தவன் நான். லாரி ஏசி எனக்குப் புதிதுதான், ஆனால் கரண்டு எங்கே போனாலும் கரண்டுதான், அதற்குக் கோபதாபம் கிடையாது. முதல் நாள் காலையிலேயே பியூஸ் பெட்டியைத் திறந்தேன். ஏசியின் பியூஸ் உருகியிருந்தது. சும்மா உருகாது என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே போனதில், கம்ப்ரசருக்குப் போகும் ஒயர் ஒரு இரும்புப் பட்டையில் உரசி உரசித் தோல் போய்ச் செம்பு தெரிந்தது. டேப் சுற்றி, ஒயரைத் தள்ளிக் கட்டி, புது பியூஸ் போட்டேன். கம்ப்ரசர் 'டிக்' என்று பிடித்தது, குளிர் வந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு ஜலதோஷமே பிடித்துவிட்டது. உருகிய பியூஸை மாமியாரின் பட்டனும் நூலும் நிறைந்த பழைய ஊசி டப்பாவில் போட்டுவிட்டு, உங்களிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். சொல்லாததே நல்லதாயிற்று. மறுநாள் காலை ஏசி ஓடவில்லை. பியூஸ் உருகியிருந்தது.

அதிலிருந்து பிடித்தது சனி. இரண்டாம் நாள் டெஸ்ட் விளக்கு வைத்துப் பார்த்தேன். லாரியில் இரண்டு பேட்டரி சேர்ந்து இருபத்துநாலு வோல்ட் என்பதை மறந்து பன்னிரண்டு வோல்ட் கார் பல்பைப் போட்டதில் அது 'டப்'பென்று போனது. மூன்றாம் நாள் ரிலே என்கிற சுவிட்சுப் பெட்டி மேல் சந்தேகம் வந்து, ஹாரன் ரிலேயைக் கழற்றி ஏசிக்கும் ஏசி ரிலேயை ஹாரனுக்கும் மாற்றிப் போட்டேன், எங்கோ ஒரு ஒயரில் என் ஸ்க்ரூடிரைவர் பட்டதில் ஹாரன் நிற்காமல் அலறியது. அடுத்த வீட்டுத் தையல்காரர் அளவு நாடா கழுத்தில் தொங்க ஓடி வந்து, "சார், யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். ஏசிக்கு என்றேன். நான்காம் நாள் பிரஷர் சுவிட்சைத் தேடப் போய், கண்ணாடி கழுவும் தண்ணீரைப் பீய்ச்சி, மாமியார் காயப் போட்டிருந்த போர்வைகளை நனைத்தேன். அவர் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. ஆக இந்த ஏசியால் இப்போது இரண்டு குடும்பத்தில் சண்டை.

விசித்திரம் என்னவென்றால், ஒவ்வொரு நாளும் புது பியூஸ் போட்டதும் ஏசி அருமையாக ஓடுகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருமுறைகூட உருகவில்லை. வண்டியைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனால், சும்மா நிற்கிற வண்டியில், காலைக்குள் உருகிவிடுகிறது. ஒரு ராத்திரி தாங்காததை ஓடுகிறது என்று உங்களிடம் எப்படிச் சொல்வது? இப்படி ஒரு பழுதை நான் லிப்டில் கண்டதில்லை. மகளிடம் சொன்னால், "நீங்க நல்லா பாருங்கப்பா, அவசரமில்ல" என்கிறாள். நீங்கள் போன் செய்யும்போது மட்டும் பக்கத்தில் வந்து நிற்பாள்.

"என்ன கேட்டாரு?"

"ஏசியக் கேட்டாரு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

போய்விடுவாள்.

இன்று ஐந்தாவது புது பியூஸைப் போட்டிருக்கிறேன். இதுவும் நாளைக்குள் உருகும் என்பது என் கணிப்பு. கம்ப்ரசரின் கம்பிச்சுருளுக்குள்ளேயே பழுது இருக்க வேண்டும். டாஷ்போர்டை முழுதாகக் கழற்றி, ஒயர் கட்டு மொத்தத்தையும் பிரித்துப் பார்க்கப் போகிறேன். பத்து நாள் பிடிக்கும். அதுவரை நீங்கள் ஏதாவது வாடகை வண்டியை வைத்து ஓட்டுங்கள். இங்கே வர வேண்டாம், வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, இது முழுக்க முழுக்க கரண்டு சம்பந்தப்பட்ட விஷயம். நான் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக, உருகிய ஐந்து பியூஸையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

வழியில் கண் அசராமல் ஓட்டுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எங்கள் ஆசி உங்கள் இருவருக்கும் எப்போதும் உண்டு, வண்டிக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உருகிய பியூஸ்களைக் கவரில் போடலாம் என்று ஊசி டப்பாவைத் திறந்தேன். ஐந்து இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டப்பாவை மேஜையில் கொட்டியும் பார்த்தேன், பட்டன்தான் உருண்டது. தினமும் காலையில் நான் கழற்றி டப்பாவில் போட்டதும், தினமும் மாலையில் யாரோ எடுத்து மாட்டியதும் இந்த ஒரே பியூஸ்தான். ஏசி முதல் நாளே சரியாகிவிட்டது, மாப்பிள்ளை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

மகளைக் கூப்பிட்டு டப்பாவைக் காட்டினேன். அவள் மறைக்கவில்லை. கைப்பையைத் திறந்து, நான் போட்ட நாலு புது பியூஸையும் மேஜை மேல் வரிசையாக வைத்தாள். "ஏசி ஓடிச்சுன்னா யாரையாவது அனுப்பி வண்டிய எடுத்துக்குவாருப்பா. ஓடலன்னாதான் என்னைக்காவது ஒருநாள் அவரே வருவாரு" என்றாள்.

மேலே 'வர வேண்டாம்' என்று எழுதியதை நீங்களே ஒரு கோடு போட்டு அடித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது பியூஸை இப்போதுதான் போய் நானே கழற்றி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஆறு மணிக்குக் கேட்டால், ஏசி ஓடவில்லை.