மயில்கழுத்து நிறத்தில் ஒரு ரவிக்கைத் துணி

பெஹாலா,
கொல்கத்தா.

காமு அக்காவுக்கு வெங்கடசுப்ரமணியன் அநேக நமஸ்காரம். பகவான் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை ஜெயாவும் இதுவரை சௌக்கியம். சென்னையில் உங்கள் முழங்கால் வலியும் அத்திம்பேரின் சர்க்கரையும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து தனியாகப் படிக்கவும். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் தங்கை என் போனை ஸ்பீக்கரில் போட்ட பிறகுதான் என்னிடமே கொடுக்கிறாள்.

துறைமுக ஆபீசிலிருந்து ரிட்டயரான பிறகு எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. பதற வேண்டாம், குடியில்லை, பழைய துணி. டாலிகஞ்சில் நடைபாதையில் ஞாயிறு காலையில் ஒரு வங்காளி மாஷி, நம்மூர் சித்தி மாதிரி, பழந்துணி விற்க உட்காருவாள். வீடு வீடாகப் பாத்திரம் கொடுத்து வாங்கிய பழைய புடவைகள் அவள் முன்னால் குவிந்து கிடக்கும். அதில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவ, நைலான், நைலான், மறுபடி நைலான் என்று வந்துகொண்டே இருந்து, திடீரென்று விரலில் நல்ல பட்டு தட்டுப்படும் பாருங்கள், முப்பத்தைந்து வருஷ சர்வீசில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. துவைத்து, நைந்த இடத்தை ஒதுக்கி, செகண்ட் ஹாண்டில் வாங்கிய மெஷினில் தலையணை உறை தைப்பேன். ஜெயாவுக்கு இது ஆகவில்லை. "செத்தவா கட்டிண்ட புடவையா இருந்தா என்ன பண்ணுவேள்?" என்றாள். இன்னொரு துண்டு வாசல்படி தாண்டினால் மெஷினே வாசலுக்குப் போகும் என்று உத்தரவு.

உத்தரவுக்கு அடுத்த ஞாயிறே அந்த மயில்கழுத்துப் பட்டு கிடைத்தால் மனுஷன் என்ன செய்வான்? அதில் கெட்டியாக இருந்தது ஒரு மீட்டர்தான். வெட்டித் துவைத்து இஸ்திரி போட்டு, கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு கொடுக்க ஜெயா சேர்த்து வைத்திருக்கும் ரவிக்கைத் துணிப் பெட்டியில் நடுவாகச் செருகினேன். அறுபது துணியில் ஒன்று யார் கண்ணில் படப்போகிறது என்று நினைத்தேன். நவராத்திரி நாலாம் நாள் நான் சுண்டலை எடுத்துக்கொண்டு வரும்போது, அதை ஜெயா சகுந்தலா மாமியின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். புத்தி கெட்டவன், துணியின் மூலையில் சலவைக்காரர் போட்ட அழியாத மைக்குறியை, மூன்று புள்ளியும் ஒரு கோடும், வெட்ட மறந்திருந்தேன். அது யார் கண்ணிலாவது பட்டால், ஜெயா தாம்பூலத்தில் பழந்துணி வைத்துக் கொடுத்தாள் என்று பேச்சு ஊரெல்லாம் போகும். முப்பது வருஷமாக ஒரு சொல் வாங்காதவள், அக்கா. அவள் தலை குனிய நான் காரணமானால் எனக்குச் சோறு இறங்காது.

மறுநாளே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு சகுந்தலா வீட்டுக்குப் போனேன். துணி டெய்லரிடம் இருக்கிறது என்று அந்த மாமி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். லிஃப்ட் வரை வழியனுப்ப வந்த அவள் கணவர் ராமன், அது அன்றைக்கே அவர்கள் கொலுவுக்கு வந்த நியூ டவுன் ரஞ்சனாவுக்குப் போய்விட்டது, ஜெயாவிடம் மூச்சு விட வேண்டாம் என்றார். ஊருக்குப் போயிருந்த ரஞ்சனா ஒரு வாரம் கழித்துத் திரும்பியதும் நியூ டவுனுக்கு ஓடினேன். அவள் முதலில் தைத்துவிட்டேன் என்றாள், பிறகு பிடிப்பாக இருந்தது என்றாள், நான் எழுந்திருக்காமல் மூன்றாவது காபியும் குடித்ததைப் பார்த்து உண்மையைச் சொன்னாள். "சென்னைல ஒரு வளைகாப்புல வெச்சுக் குடுத்துட்டேன் மாமா. யாருக்குன்னு ஞாபகம் இல்லை. மாமிகிட்ட சொல்லிடாதீங்கோ."

ஆகவே அக்கா, சென்னையில் உங்களை அழைக்காத வளைகாப்பு கிடையாது என்பதால் கேட்கிறேன். மயில்கழுத்தில் பொடிப் புட்டா, மூலையில் குறி. எங்கே பார்த்தாலும், என்ன பொய் சொல்லியாவது வாங்கி அந்த மூலையை வெட்டிவிடுங்கள். இனி நான் டாலிகஞ்ச் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன், இது சத்தியம்.

பேரன் ஹரீஷுக்குப் பரீட்சை நன்றாக அமைய ஆசீர்வாதம். அத்திம்பேருக்கு நமஸ்காரம். உங்களுக்கு இன்னும் இரண்டு நமஸ்காரம் சேர்த்து.

இப்படிக்கு,
வெங்கடசுப்ரமணியன்

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் உங்கள் தீபாவளிப் பார்சல் வந்தது. தேடவேண்டாம். பட்சணத்துக்கு அடியில், நீங்கள் ஜெயாவுக்கு ஆசையாக வைத்து அனுப்பிய ரவிக்கைத் துணி மயில்கழுத்து நிறம். அதே பொடிப் புட்டா, மூலையில் அதே மூன்று புள்ளியும் ஒரு கோடும். ஜெயா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், மூலையைத் திருப்பிப் பார்த்தாள். "பாருங்கோ, கைத்தறி முத்திரை. புதுசுன்னா இப்படி இருக்கணும். நீங்க பொறுக்கிண்டு வரேளே, அதெல்லாம் ஒரு துணியா?" என்றாள். இதே தினுசில் இன்னும் நாலு வேண்டுமாம், எந்தக் கடை என்று உங்களைக் கேட்டு எழுதச் சொல்கிறாள். நாளை ஞாயிறு, நான் டாலிகஞ்ச் போகிறேன். நாலும் கிடைத்து நான் மறுபடி எழுதும்வரை அவள் போன் செய்தால் எடுக்க வேண்டாம்.